விபூதி என்று நான் சொன்ன பை

சென்னை விமான நிலையக் காவல் நிலையத்தில் 16.03.2024 சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு உதவி ஆய்வாளர் முன்பாகக் கொடுத்த வாக்குமூலம்.

பெயர்: ஜம்புநாதன். வயது: 48. தகப்பனார் பெயர்: வைத்தியநாதன் (காலமாகிவிட்டார்). தொழில்: எண்ணெய் ஆலைகளில் பாதுகாப்பு ஆய்வு செய்யும் பொறியாளர். முகவரி: பேர்லேண்ட், டெக்சாஸ், அமெரிக்கா. தற்போது தங்கியிருப்பது: நங்கநல்லூரில் ஒரு லாட்ஜ்.

நான் ஹூஸ்டனை ஒட்டியுள்ள மேற்படி பேர்லேண்ட் முகவரியில் என் மனைவி ப்ரியம்வதா, மகள் அதிதி ஆகியோருடன் பதினேழு ஆண்டுகளாகக் குடியிருந்து வருகிறேன். கடந்த வியாழக்கிழமை என் மனைவியின் பெட்டியிலிருந்து இந்த நிலையத்தார் கைப்பற்றிய ஐந்து தோட்டாக்களும் என்னுடையவை. அவை பெட்டியில் இருந்தது அவளுக்குத் தெரியாது. அது எப்படித் தெரியாமல் போனது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். என் வேலையே விபத்து நடந்த இடத்துக்குப் போய், யார் எப்போது என்ன செய்தார்கள் என்று வரிசையாக எழுதுவதுதான். இத்தனை வருடமும் ஊரார் தவறுகளை எழுதினேன். இன்று என்னுடையது.

2022ஆம் வருடம் தீபாவளி முடிந்த வாரத்தில் எங்கள் பின்தெருவில் டாக்டர் செல்வராஜா வீட்டுக்குள் மூன்று பேர் புகுந்து, கராஜில் காரை விட்டு இறங்கிய அவர் மனைவியின் நெற்றியில் துப்பாக்கியை வைத்துத் தாலிக்கொடியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். இந்தியர் வீடு என்றால் தங்கம் இருக்கும் என்று அங்கே திருடர்களுக்கு நன்றாகத் தெரியும். அன்று மாலை நம் வீட்டிலும் ஒரு துப்பாக்கி வேண்டும் என்று நான் பேச்செடுத்தேன். என் மனைவி குழந்தைகள் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். முதுகுத்தண்டில் குண்டு பாய்ந்த ஆறு வயதுப் பையன் ஒருவனுக்கு நிமிர்ந்து உட்காரக் கற்றுக்கொடுக்க நான்கு மாதம் பாடுபட்டவள். "துப்பாக்கின்னு ஒண்ணு இந்த வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா நானும் அதிதியும் வெளில போயிடுவோம். சும்மா சொல்லலங்க" என்றாள். சரி, வாங்கமாட்டேன் என்று சொன்னேன். இது முதல் பொய்.

அதன் பிறகு 2023 ஜனவரியில், என்னோடு வேலை பார்க்கும் நெடுஞ்செழியனை அழைத்துக்கொண்டு போய் ஐந்து குண்டு ரிவால்வர் ஒன்று வாங்கினேன். டெக்சாசில் அதை மறைத்து வைத்துக்கொண்டு நடமாட உரிமம் கட்டாயமில்லை. ஆனாலும் வகுப்புக்குப் போய் உரிமம் எடுத்தேன். காகிதத்தில் நான் எப்போதும் ஒழுங்கு. சுடப் பழகும் இடத்தில் நெடுஞ்செழியன், "ரிவால்வர்ல அஞ்சுதான் சார். தீந்துட்டா கைல வெறும் இரும்புதான் இருக்கும். எக்ஸ்ட்ரா அஞ்சு எப்பவும் பாக்கெட்ல இருக்கணும்" என்றார். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. ஒன்று தவறினால் கைகொடுக்க இன்னொன்று என்று ஆலைகளுக்கு நான் எழுதிக்கொடுக்கும் பாடமும் அதுதானே. ஆபீசுக்கும் காய்கறி வாங்கவும் போகிறவன் ஐந்து குண்டிலும் தீராத சண்டையை எங்கே போடப்போகிறான் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. நெடுஞ்செழியன் மீது எனக்குக் குறை ஒன்றும் கிடையாது. அவர் தன் மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் துப்பாக்கி வாங்கினார்.

தோட்டாக்களை வெறுமனே பாக்கெட்டில் போட்டால் இடித்துக்கொண்டு சத்தம் கேட்டது. கொலுவுக்கு வரும் பெண்களுக்குத் தாம்பூலத்தோடு கொடுப்பதற்காக என் மனைவி சென்னையிலிருந்து வரவழைத்த மயில் கழுத்து நிறச் சுருக்குப் பைகளில் பத்துப் பதினைந்து மீந்திருந்தன. எங்கள் வீட்டில் இயர்போன், ஹேர்பின், சில்லறை எல்லாம் அந்தப் பைகளில்தான் கிடக்கும். அதில் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு தோட்டாவையும் டிஷ்யூ தாளில் மடித்து உள்ளே போட்டு, கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி இரட்டை முடிச்சாகப் போட்டேன். ரிவால்வரைக் கராஜில் என் டூல் பாக்சில் பூட்டி வைத்தேன். வெளியே போகும்போது அது இடுப்பில், பை பேண்ட் பாக்கெட்டில். எங்கள் ஊர் மீனாட்சி கோயிலுக்கு என் மனைவி இழுத்துக்கொண்டு போகும் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ரிவால்வரைக் கார் சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டியில் பூட்டிவிடுவேன். வேட்டியில் பாக்கெட் கிடையாது என்பதால் பையை இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கும் பெட்டிக்குள் போட்டுவிடுவேன். நாளாக ஆக அது அங்கேயே கிடக்க ஆரம்பித்தது.

அதன் பிறகு சென்ற அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, காரில் போகும்போது என் மனைவி கூலிங் கிளாசைத் தேடி அந்தப் பெட்டியைத் திறந்தாள். "என்னங்க இது, நம்ம கொலுப் பை. என்ன இவ்ளோ வெயிட்டா இருக்கு?" என்று கேட்டாள். கோயில் விபூதி, பொட்டலம் பொட்டலமாக மடித்து வைத்திருக்கிறேன், ஒரு செப்பு டாலரும் உள்ளே இருக்கிறது என்று சொன்னேன். வாய் கூசவில்லை. "நீங்களா? இன்னிக்கு ஹூஸ்டன்ல ஸ்னோதான்" என்று சிரித்தாள். நான் சாமி கும்பிடுவதில் சோம்பேறி. அதனால் அவளுக்குச் சந்தோஷம். அன்றே மதுரையில் இருக்கும் தன் அப்பா ராமசுப்ரமணியனிடம் போனில் சொல்லிவிட்டாள். என் மாமனார் எங்களிடம் வந்து தங்கும்போதெல்லாம் பேர்லேண்ட் மீனாட்சி கோயிலில் வெள்ளிதோறும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவர். "அங்க இருக்கறவ விபூதிய எனக்கும் கொண்டு வாம்மா. இங்க இருக்கறவ கோச்சுக்க மாட்டா, ரெண்டு பேரும் ஒருத்திதான்" என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான்தான் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த மாதம் 11ஆம் தேதி திங்கட்கிழமை மாமனாருக்குப் பக்கவாதம் வந்து மதுரையில் ஐசியூவில் சேர்த்தார்கள். என் மனைவி அவருக்கு ஒரே பிள்ளை. மாமியார் இல்லை. மறுநாள் செவ்வாய்க்கிழமை மாலை விமானத்தில் அவளுக்கு டிக்கெட் கிடைத்தது. தோஹா வழியாகச் சென்னை, அங்கிருந்து வேறு விமானத்தில் மதுரை. மாலை நான்கு மணிக்கு ஹூஸ்டன் விமான நிலைய வாசலில் காரை நிறுத்தி, நான் இறங்கிப் பின்பக்கம் போய்ப் பெட்டியை எடுத்தேன். கண்ணாடி வழியாக அவள் எதையோ கையில் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வதைப் பார்த்தேன். பர்சில் வைத்திருக்கும் அம்மன் படம் என்று நினைத்தேன். அவள் இறங்கி வந்து, பெட்டியின் ஜிப்பைக் கொஞ்சம் திறந்து, கையில் இருந்ததைத் துணிகளுக்கு நடுவில் செருகி மூடினாள். பின்னால் வந்த கார்க்காரன் ஹார்ன் அடித்தான். அதன் பிறகு நான் கிளம்பிவிட்டேன்.

ஃப்ரீவேயில் பாதி தூரம் வந்ததும் டோல் டேக் எடுக்கக் காரின் நடுப் பெட்டியைத் திறந்தேன். பை இல்லை. காரை ஓரமாக நிறுத்தி சீட்டுக்கு அடியிலெல்லாம் தேடிவிட்டு அவளைப் போனில் கூப்பிட்டேன். அப்போது மணி நான்கு ஐம்பது. விமானம் ஆறரைக்கு. முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்து, நான் வாயைத் திறப்பதற்கு முன், "அப்பா கண்ணத் தொறந்துட்டாராம்! ப்ரியா கிளம்பிட்டாளான்னு கேட்டாராம். மாதவ் அண்ணா இப்பத்தான் போன் பண்ணான்" என்றாள். மாதவ் அவளுடைய பெரியப்பா மகன். அழுதுகொண்டே சிரித்தாள். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னால் அவள் கவுண்டருக்குத் திரும்பிப் போய்ப் பெட்டியை வரவழைக்க வேண்டும், விமானம் போய்விடலாம் என்று நினைத்தேன். அமெரிக்காவில் லக்கேஜில் தோட்டா இருப்பது பெரிய குற்றமாகாது என்றும் நினைத்தேன். இந்த இரண்டும் உண்மையான காரணமா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். இல்லை. பதினான்கு மாதப் பொய்யை அந்த நேரத்தில் அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். "சாண்ட்விச் வாங்கிட்டேன். அதிதிக்கு தோசை ஊத்திக் குடுங்க, மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்கு" என்றாள். போனை வைத்துவிட்டேன்.

அதன் பிறகு தோஹாவிலிருந்து கூப்பிட்டாள். அப்போதும் சொல்லவில்லை. சென்னையில் இறங்கியதும் சொல்லலாம், குப்பைத்தொட்டியில் போட்டுவிடுவாள் என்று இருந்தேன். சென்னையில் இறங்கியதும் "லேண்டட்" என்று செய்தி அனுப்பினாள். நான் ஆபீசில் மீட்டிங்கில் இருந்தேன். கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினேன். மீட்டிங் முடிந்து கூப்பிட்டபோது அவள் போன் அணைந்திருந்தது. ஆக, எனக்கு மூன்று சந்தர்ப்பம் கிடைத்தது.

வியாழன் காலை எட்டேகால் மணிக்கு மதுரை விமானத்துக்குப் பெட்டியைப் போட்டபோது, ஹூஸ்டனிலும் தோஹாவிலும் தப்பிவிட்ட தோட்டாக்கள் ஸ்கேனரில் தெரிந்து, அவளை இந்த நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். இங்குள்ளவர்கள் தங்கள் கடமையைத்தான் செய்தார்கள். ஒரு பெண் காவலர் டீ வாங்கிக் கொடுத்துக் கூடவே உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார்கள், அவருக்கு என் நன்றி. இங்கிருந்து என் மனைவி என்னைக் கூப்பிட்டாள். "அந்த விபூதிப் பைல என்ன வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். அதன் பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், "என் ஹஸ்பண்டோடதுதான் சார்" என்று சொன்னது கேட்டது. அதோடு போனை வைத்துவிட்டாள்.

அன்று பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு என் மாமனார் காலமானார். அப்போது அவள் இந்த அறைக்கு வெளியே இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே வரும்போது அந்தப் பெஞ்சைப் பார்த்தேன். அவள் வந்துவிடுவாள் என்று மறுநாள் காலை பதினொரு மணி வரை வைத்திருந்து பார்த்துவிட்டு எடுத்துவிட்டார்கள். கொள்ளி வைத்தது மாதவ். ஜாமீனுக்காகக் காத்திருந்த நீதிமன்ற வராந்தாவில், அவளுடைய வக்கீலின் போனில் அவளுக்கு அப்பாவின் முகத்தைக் காட்டினார்களாம். சிக்னல் விட்டு விட்டு வந்ததாம். மாலை நான்கு மணிக்கு ஜாமீன் கிடைத்தது. தினமும் இங்கே வந்து கையெழுத்துப் போட வேண்டும், சென்னையை விட்டுப் போகக்கூடாது என்பது நிபந்தனை.

அதிதியை நெடுஞ்செழியன் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பி, நான் இன்று அதிகாலை வந்து இறங்கினேன். நேராக, அவள் தங்கியிருக்கும் அவளுடைய அத்தை வீட்டுக்குப் போனேன். கூடத்துக்கு வந்தாள். நின்றபடியே, "ஏர்போர்ட்டுக்கு போன் பண்ணி சாப்பிட்டியான்னு கேட்டீங்களே, அப்பவே தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். "அப்ப ஒன்றரை மணி நேரம் இருந்துது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் லாட்ஜில் அறை எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு வக்கீலைப் பார்த்தேன். தெரிந்து வைத்திருந்தால்தான் குற்றம், அவளுக்குத் தெரியாது என்பதை நிரூபித்தால் அவள் பெயர் விலகும் என்றார். அந்தப் போன் பேச்சைப் பற்றி நான் வாயைத் திறக்க வேண்டாம் என்றும், திறந்தால் தெரிந்தே அனுப்பியதாக வழக்கு என் மேல் திரும்பும் என்றும் சொன்னார். திரும்பட்டும் சார். ஒரு பொய் சொல்லித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

உதவி ஆய்வாளர் கைப்பற்றிய பையை என்னிடம் காட்டினார். அது என்னுடையதுதான். தோட்டாக்களை எடுப்பதற்காகப் பையின் அடிப்பக்கத்தைக் கத்தரித்திருக்கிறார்கள். மேலே நான் போட்ட மூன்று சுற்றும் இரட்டை முடிச்சும் போட்டபடியே இருக்கின்றன. குளித்துவிட்டு, அப்பாவின் நெற்றியில் இடும்போதுதான் பிரிப்பதாக இருந்தாளாம். என் மனைவிக்குத் தெரியாது என்பதற்கு என்னிடம் இருக்கும் சாட்சி அந்த முடிச்சு ஒன்றுதான். அதை ஐயா அவர்கள் அவிழ்க்காமல் அப்படியே நீதிமன்றத்தில் காட்ட வேண்டும்.

வருகிற 23ஆம் தேதி மாமனாருக்குப் பத்தாம் நாள். அதற்காவது அவளை மதுரைக்கு அனுப்பி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அவளுக்குப் பதிலாக நான் எத்தனை நாள் வேண்டுமானாலும் இங்கே வந்து கையெழுத்துப் போடுகிறேன். என் பாஸ்போர்ட்டை இத்துடன் ஒப்படைத்திருக்கிறேன்.

எழுதியதை எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார்கள். "சாப்பிட்டியா" என்று நான் கேட்ட வரி வழக்குக்கு அவசியமில்லை, எடுத்துவிடலாமா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். இருக்கட்டும் என்றேன். மற்றதெல்லாம் நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, சொன்னது அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
வை. ஜம்புநாதன்