நுரையீரலில் பழைய தழும்பு

நுவரெலியாவில் புறப்பட்ட ராகலை பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் தேயிலைத் தோட்டத்துக் கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மடியில் எக்ஸ்ரே உறை. வெளியே பனி, மலையைத் தின்றுகொண்டே வந்தது.

"செத்துருவேன்னு நெனச்சுத்தானே புள்ள அதச் சொன்னேன்" என்றார் அவர்.

"சொன்னது சொன்னதுதான். டாக்டரு சொன்னத இன்னொருக்கா சொல்லுங்க."

"நுரையீரல்ல தழும்பாம். எப்பவோ வந்த டீபீ ஆறுன தழும்பு. போன வருசப் படத்துலயும் இதே அளவுதானாம். பரவலையாம். பயமில்லையாம்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்த வேகத்திலேயே அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்ப, கல்யாணத்துக்கு முந்தி எங்க வாசல்ல கவ்வாத்துல வெட்டுன தேயில வெறகு கட்டுக்கட்டா கொண்டாந்து போட்டீங்களே, அது எனக்கில்ல. எங்க அக்காவுக்கு."

"இருவத்தஞ்சு வருசமாச்சு புள்ள."

"எனக்கு மூணு நாளாத்தானே தெரியும்!"

அவர் சிரிக்கப்போய் இருமினார். அவள் கை தானாக அவர் முதுகுக்குப் போயிற்று. இருமல் அடங்கும்வரை தடவிக்கொண்டே இருந்தாள்.

"இன்னும் முப்பது வருசம் நல்லா இருங்க," என்றாள். "அந்த வெறகுக்கே பத்து வருசம் ஒங்களோட சண்ட போடணும்."