வேகமாக மாறும் இடங்கள்

எனக்கு டீயில் சீனி கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். நான்கு வருடம் வேலை பார்த்த இடத்தில் அது யாருக்கும் தெரியாது. விஜிலாவுக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது.

தூத்துக்குடியில் துறைமுகம் போகும் சாலையில் உள்ள ஆய்வுக்கூடத்தில் முத்துச்சிப்பிகளின் மரபணு வரிசைகளை ஒப்பிடுவது என் வேலை. மாடியில் ஒற்றை அறை. ஜன்னலில் நிலக்கரிக் கப்பல்கள் தெரியும். சிப்பிகளுக்கு அவசரம் கிடையாது என்பதால் என்னைத் தேடி எவரும் வருவதில்லை. காலையில் வாட்ச்மேனுக்கு வணக்கம் சொன்னதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும்.

மார்ச் மாதம் வேம்பாருக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குடியிருப்பில் காலரா வந்தது. நோயாளிகளிடமும், ஊர்க் கிணற்றிலும், அங்குள்ள ஐஸ் கம்பெனியிலும் எடுத்த கிருமிகளின் வரிசைகளைச் சுகாதாரத் துறையிலிருந்து என்னிடம் அனுப்பினார்கள். எங்கிருந்து பரவுகிறது என்று நான் சொல்ல வேண்டும்.

கணக்கு கடினமானதல்ல. ஒரு வரிசையில் எல்லா இடங்களும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. சில இடங்கள் காலங்காலமாக அப்படியே இருக்கும். சில அடிக்கடி மாறும். அடிக்கடி மாறும் இடத்தில் இரண்டு கிருமிகள் ஒத்திருந்தால் அது தற்செயலாக இருக்கலாம், உறவென்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லா இடத்துக்கும் ஒரே வேகம் என்று வைத்துப் பார்த்தபோது கிணறு என்று வந்தது. வேக வித்தியாசத்தைச் சேர்த்தபோது ஐஸ் கம்பெனி என்று வந்தது. சந்தேகமே இல்லை. முதல் நாள் மூன்று மணிக்குத் தெரிந்துவிட்டது.

நான்கு மணிக்கு விஜிலா வந்தாள். அந்த ஊர்க்காரி, சுகாதாரப் பணியாளர். "ரிசல்ட் வந்துட்டா சார்?"

"இன்னும் ஓடிட்டிருக்கு. நாளைக்கு வாங்க," என்றேன். போனில் சொல்ல முடியாது, நேரில்தான் வர வேண்டும் என்றும் சொன்னேன். ஒரு நாள்தானே என்று நினைத்தேன். அதிகாரிகளுக்கும் அவகாசம் கேட்டு எழுதினேன்.

மறுநாள் கீழேயிருந்து இரண்டு டீ வாங்கி வந்தாள். "ரெண்டு வாய் குடிச்சிட்டு வச்சிட்டீங்களே, சீனி பத்தலியோ?" என்றாள். பிறகு தினமும் வந்தாள். ஒரு மணி நேரம் எதிர் நாற்காலியில் இருப்பாள்.

ஆறாம் நாள் சொன்னாள்: "கிணத்த மூடியாச்சு சார். அப்புறமும் ஆளு விழுதாங்கல்லா. வேற எங்கன இருந்து வருதுன்னு தெரிஞ்சாப் போதும்."

ஒன்பதாம் நாள் அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தது. சிலுவை என்று பெயர். வீட்டில் அவர்கள் இருவர்தான். "அப்பாக்கு தினம் சர்பத் வேணும் சார். கடலுக்குப் போற வல்லத்துக்கு வாங்குத ஐஸுல ஒரு துண்டு எடுத்துக்கிடுவாரு."

"ஐஸ் எங்க வாங்குவாரு?"

"எங்க ஊரு கம்பெனியிலதான்."

அன்றைக்கு அவள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

பன்னிரண்டாம் நாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே சிலுவை இறந்தார். அடுத்த மூன்று நாள் அவள் வரவில்லை. அந்த நாட்கள் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தன. பதினாறாம் நாள் கறுப்புச் சேலையில் வந்தாள்.

"இன்னுமா ஓடுது சார்?"

"இன்னும்தான்," என்றேன்.

அழுதாள். நான் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எனக்கும் யாரும் இல்லை என்று சொன்னேன். அதை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பதினெட்டாம் நாள் சென்னையில் வேறோர் ஆய்வுக்கூடம் ஐஸ் கம்பெனிதான் என்று சொல்லிவிட்டது. அதற்குள் நான்கு பேர் இறந்திருந்தார்கள். என் கம்ப்யூட்டரில் முடிவுக் கோப்பின் தேதியை, இன்ஸ்பெக்டர் சார், உங்கள் ஆட்கள் பார்த்திருக்கிறார்கள். தேதி சரிதான். தெரிந்தேதான் மறைத்தேன். சொல்லியிருந்தால் மறுநாள் அவள் வந்திருக்க மாட்டாள்.

பாளையங்கோட்டை ஜெயிலுக்கு நான் வந்து இரண்டு மாதம் ஆகிறது. அவள் இதுவரை பார்க்க வரவில்லை. வேம்பாரிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும், அதனால்தான்.