கக்கூஸ் இல்லாத கேரவன்

“ஹலோ... ஆங், கேக்குது, சொல்லுங்க. கிளியனூரு போய்ச் சேந்துட்டீங்களா? ... சரி. ... சரி சரி. வண்டி எப்படி இருக்குது?”

விழுப்புரத்தில் வீட்டு அடுப்படியில் நின்றபடி பேசினாள் சவுரியம்மாள். மறுமுனையில் அவள் கணவர் இருதயராஜ், அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற பழைய கேரவன் ஒன்று ஒரு புரோக்கரிடம் விலைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுக் காலையிலேயே கிளம்பிப் போயிருந்தார்.

“குயிலாப்பாளையத்து வெள்ளக்காரங்க வச்சிருந்ததா? ... ஆமா, ஆமா, நல்லாத்தான் வச்சிருந்திருப்பாங்க. எத்தினி வருசத்து வண்டி? ... பதினாலா? ஏங்க, அடுத்த வருசம் ஆர்சி புதுப்பிக்கணுமே. ... டயரு? ... நாலுமே மாத்தணுமா? ... மேல ஒழுவுதா? ... இன்னா ‘லேசா’? மழைல அதுக்கடில படுத்துக்கினு வரப்போறவ நானு. ... இல்லிங்க, புதுசு வாணாம்னு நான்தான் சொன்னேன், இல்லன்னு சொல்லல. புதுசுன்னா பெருமுக்கல் நெலத்த வித்தாவணும். அதுக்கு இப்பவும் ஒத்துக்க மாட்டேன். ஆனா பழச வாங்கி ரிப்பேருக்கே கொட்டிக்கினு இருக்க முடியுமா? ... சரி, எஞ்சினு உங்களுக்குத் தெரியும், நான் தலையிடல. உள்ள இன்னா இருக்குது, அதச் சொல்லுங்க. ... கட்டிலு. ... சரி. ... அடுப்பு. ... ஃபிரிஜ்ஜா? ... ஏங்க, கக்கூஸ சொல்லவே இல்லியே. தண்ணி ஊத்திப் பாத்தீங்களா?”

அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

“ஹலோ? ... லைன்ல இருக்கீங்களா? ... எடுத்துட்டாங்களா? எத எடுத்துட்டாங்க? ... கக்கூஸ எடுத்துட்டு அந்த எடத்துல ஃபிரிஜ்ஜு வச்சிருக்கானா அந்த புரோக்கரு?”

அவள் அடுப்பை அணைத்தாள். கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனதிலிருந்து அவளுக்குச் சிறுநீர் நிற்பதில்லை. அரை மணிக்கு ஒருதரம் போயாக வேண்டும். பஸ் ஏறுவதை விட்டாள். கல்யாணம் காட்சிக்குப் போவதை விட்டாள். மாதா கோயிலுக்குப் போனாலும் வாசலோரக் கடைசி பெஞ்சுதான். ஏற்காட்டில் டீச்சராக இருக்கும் மகள் கலைமதியின் வீட்டு வாசலை இன்னும் மிதித்ததில்லை. அடுத்த மாதம் அங்கே பேத்திக்குப் புதுநன்மை, முதல்முறையாக நற்கருணை வாங்கும் விழா. அதற்காகத்தான் இந்த வண்டியே.

“நாம எதுக்கு வண்டி பாக்குறோம்? ... சொல்லுங்க, எதுக்கு? ... அப்ப அவன்கிட்ட கேக்க வேண்டியதுதானே. இருந்தத இருந்தபடி வச்சிக் குடுத்தாத்தான் வாங்குவேன்னு சொல்றதுக்கு இன்னா? ... வழில பெட்ரோல் பங்க்குல நிறுத்திக்கலாமா? அதுக்கு எதுக்குய்யா இத்தினி லட்சம்? ... எப்படி சொல்றதுன்னா? ... இன்னாது? ... வெக்கமா இருக்குதா?”

சவுரியம்மாள் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். இத்தனை நாளில் அவர் ஒருதரம்கூட முகம் சுளித்ததில்லை. அவள் நனைத்த துணியைத் தானே அலசிக் காயப்போட்டிருக்கிறார். அந்த மனிதருக்குள் இப்படி ஒன்று இருந்தது இன்றைக்குத்தான் தெரிந்தது.

“யாருக்கு வெக்கம்? ... எனக்காவா? நான் உங்கள எனக்காவ வெக்கப்படச் சொன்னனா? ஊரு சனத்தயெல்லாம் ஏத்திக்கினு போனீங்க, என்னை எங்க ஏத்திக்கினு போனீங்க? ... பேசாதீங்க. ... பேசாதீங்கன்றேன். அந்த புரோக்கருகிட்ட போனக் குடுங்க. ... சண்டயெல்லாம் போட மாட்டேன், குடுங்க.”

புரோக்கர் விருத்தாசலத்தை அவள் பார்த்ததில்லை. போன் கை மாறும் சத்தம் கேட்டது.

“ஹலோ, விருத்தாசலங்களா? வணக்கங்க. நான் அவரு ஊட்டுக்காரி பேசறேன். ... ஆமாங்க, ஆமாங்க, வண்டி நல்லாருக்குதுன்னுதான் சொன்னாரு. எனக்கு ஒண்ணுக்கு நிக்காதுங்க. ... ஆமா. ஆபரேஷனுக்கு அப்புறம். அதனாலதான் இந்த மாதிரி வண்டி தேடிக்கினு இருக்கோம். ... நீங்க எதுக்கு வருத்தப்படறீங்க? ... உங்க அம்மாவுக்குமா? ... யாருகிட்டயும் சொல்லலியா? ... ம். ... சொல்ல மாட்டாங்க. நானே இப்பத்தான் வெளியாளுகிட்ட சொல்றேன்.”

ஒரு நிமிஷம் அவள் குரல் தணிந்தது. பிறகு பழையபடி ஏறியது.

“அது இருக்கட்டும். கழட்டுனத இன்னா பண்ணீங்க? ... ஷெட்டுலயே கெடக்குதா? டேங்கு? ... பைப்பு? ... அப்ப ஃபிரிஜ்ஜ எறக்கிட்டு ஜல்தியா அத மாட்டுங்க. ... மாட்டுற கூலி, மேல ஒழுவுறது, ரெண்டும் உங்க செலவு. ... யோசிக்கிறதுக்கு இன்னா இருக்குது? முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற எடம் பாக்குறோம். ... ஆங். ... சரி. அப்ப ரெண்டும் பண்ணிடுங்க. அவருகிட்ட குடுங்க.”

இருதயராஜ் மறுபடி லைனுக்கு வந்தார்.

“கேட்டீங்களா? ... இப்ப இன்னாத்துக்கு மூக்க உறிஞ்சறீங்க? ... சரி, சரி, விடுங்க. கோவம் எனக்கு இன்னும் போவல, அத ஊட்டுக்கு வந்து பேசிக்கலாம். நீங்க அங்கியே இருங்க, நானே வர்றேன். ... இப்பத்தான். எதிர் ஊட்டு தேவாவ கார எடுக்கச் சொல்லி. ... எப்படி வருவேன்னா? விக்கிரவாண்டில ஒருதரம் நிறுத்துவான், கூட்டேரிப்பட்டுல ஒருதரம், திண்டிவனத்துல ஒருதரம். எதுக்குன்னு தேவாகிட்ட நானே சொல்லிக்கிறேன். ... வாணாம்னு சொல்லாதீங்க. நான் வந்து ஒக்காந்து பாத்துட்டுத்தான் அட்வான்சு. வச்சிடறேன்.”

அவர் மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். அவள் வைத்துவிட்டாள்.