அரக்கன் காலில் பூஞ்சணம்

கம்பளை பஸ்ஸில் என் முன்சீட்டில் இருந்த பெண், பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னாள்: “அரக்கன் கால்ல பூஞ்சணம் புடிச்சிருச்சுடி.”

அவள் மடியிலிருந்த சாப்பாட்டுப் பெட்டிக்குள், பஞ்சின் மேல், அவளே வர்ணம் பூசிய விரலளவு அரக்கன் பொம்மை இருந்தது.

“எப்படி?”

“மண்ணு மாதிரி இருக்கட்டும்னு தேத்தண்ணி வடிச்ச சக்கைய அடியில ஒட்டினேன். இந்த மழையில அது காயவே இல்ல. பொம்மைக்கு வர்ணம் பூசுற போட்டியில மேசையில வைக்கிறப்பதான் பார்த்தேன், வெள்ளையா பூத்திருந்துச்சு.”

“ஐயோ. அப்புறம்?”

“நடுவர் குனிஞ்சு பார்த்தாரு. ‘பனி அசல் மாதிரி இருக்கே, எப்படிச் செஞ்சீங்க’ன்னாரு. தானா வளந்துச்சுன்னேன். பகிடின்னு நெனச்சுச் சிரிச்சிட்டு மொதல் பரிசு குடுத்தாரு.”

பேராதனை தாண்டியதும் ஜன்னலில் வெயில் அடித்தது. தோழி பெட்டியை நிழலுக்குத் தள்ளினாள்.

“மூடி வைடி. பனி காஞ்சிரப் போகுது.”