கிட்டம் ஏற்றி வந்த லாரி

– லாரிய நிறுத்து மாதவராஜு. நான் நகர மாட்டேன்.

– அண்ணி, எழுந்திரிங்க. நடு ரோட்டுல உக்காந்துக்கிட்டு... ஊரே பாக்குது.

– பாக்கட்டும். இதுக்குப் பேரு ரோடா? சேறு.

– அதை சரி பண்ணத்தானே வந்திருக்கேன். மாரண்டஹள்ளி வரைக்கும் தார் ரோடு வரப்போவுது. இந்த லோடு அதுக்கு அடியில போட.

– என்னது இது, கரிகரியா?

– கிட்டம். சேலத்துல இரும்பு உருக்கறாங்க இல்ல, அதுல மேல மெதக்கறதை வழிச்சு ஆற வுட்டா இப்படிக் கல்லாயிடும்.

– அங்க வேணாம்னு தள்ளின குப்பைய எங்க ஊர்ல கொட்ட வந்துட்டே.

– குப்பையா? உங்க வூட்டு சிமெண்ட்லயே ஒரு வகை கிட்டத்த அரைச்சுக் கலந்திருப்பான். இதை மாசக்கணக்கா தண்ணி வுட்டு, வெயில்ல போட்டு, பதம் பண்ணித்தான் அனுப்பறான். ஜல்லிக்கு மலைய ஒடைக்க வேண்டியதில்ல. எந்த வண்டி ஏறினாலும் அமுங்காது.

– பேசி முடிச்சிட்டியா?

– எழுத்து வாசனை இல்லாதவங்களுக்கு என்னத்த சொல்லிப் புரிய வைக்கறது!

– மொரப்பூர் பக்கம் எங்கக்கா ஊருக்குப் போற ரோடு இதுல போட்டதுதான். ரெண்டு மழை பாத்துடுச்சு, ஒரு குழி இல்ல. நானே நடந்து பாத்துட்டு வந்தேன்.

– எல்லாம் தெரிஞ்சுமா மறிக்கறீங்க?

– கிட்டத்து மேல எனக்கு சந்தேகமில்ல. உம்மேலதான்.

– என்ன பேச்சு பேசறீங்க?

– போன தடவ இதே ரோட்டுல ஒரு அடி போட வேண்டிய ஜல்லிய நாலு விரக்கடை போட்டு, மேல மண்ணைத் தூவிட்டுப் போனது யாரு? முத மழைக்கே கரைஞ்சு போச்சே!

– ஊர்ல எந்த காண்ட்ராக்டர் பண்ணல? அதுக்குன்னு சொந்தக் கொழுந்தன் மானத்த நடுத்தெருவுல வாங்குவீங்களா?

– லாரி உள்ள போவட்டும். உன் ஆளுங்க போடட்டும். இன்ஜினியரம்மா கூடவே நின்னு அளக்கறேன்னு சொல்லிட்டாங்க. நீ எறங்கு. இப்படியே திரும்பிப் போ.

– நான் என்ன கொலையா பண்ணிட்டேன்?

– ஆம்புலன்ஸ் இந்தச் சேத்துல மாட்டிக்கிச்சே, உள்ள யாரு கெடந்தாங்க?

– அண்ணனுக்கு வந்தது நெஞ்சுவலி. அதுக்கு நான் என்ன பண்ணுவேன் அண்ணி?

– பாலக்கோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் உங்கண்ணன் நெஞ்சு தாங்கியிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. நீ போட்ட ரோடுதான் தாங்கல.