சலவை அறை வயர்

கடிதம் வந்தால் தனியாகப் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க இப்போது எவனுக்கும் தெரிவதில்லை. எங்கள் முதியோர் இல்லத்தில் டோப்ரி அப்படித்தான். கனடாவிலிருந்து மகள் எழுதியதைச் சாப்பாட்டுக் கூடத்தில் உரக்க வாசிப்பான். அவன் முன்னால் பீன்ஸ் சூப் ஆறிக்கொண்டிருக்கும். காது மந்தம், போனில் பேச்சு விளங்காது. அவனுக்கு அந்தக் கடிதங்கள்தான் எல்லாம்.

கூடத்துக் கணினியில் கடிதம் பார்க்க வழி செய்தவள், தலைநகர் சோபியாவிலிருந்து வந்த ரலிட்சா என்ற பெண்.

"தாத்தா, இது வெறும் ஜன்னல். உங்க கடிதப் பெட்டியெல்லாம் சலவை அறையில வெச்சிருக்கிற பெரிய கணினியில இருக்கு. நடுவுல இந்த வயர்தான் வழி."

சுரங்கத்தில் பம்பு ஓட்டியவன் நான். குழாய் நீண்டால் நடுவில் அடைத்துக்கொள்ளும். ஸ்பெயினில் இருக்கும் என் மகன் மிலென் எழுதாமல் இருக்கமாட்டான். ஆனால் என் பெட்டி மட்டும் காலி.

"டின்கோ, உன் பையன் இன்னும் பேனா தேடுறானா?" என்பான் டோப்ரி. கூடமே சிரிக்கும்.

கொதிகலனுக்குக் கரி போடுவது நான்தான். சலவை அறைச் சாவி என்னிடம் இருந்தது. வயரைப் பிடுங்கினேன். ஜன்னல் வழக்கம்போலத் திறந்தது. டோப்ரி பெயரைத் தட்டினான். சிவப்பில் அந்நிய எழுத்தில் ஒரு வரி வந்தது.

"என்னடா சொல்லுது இது?"

"லெட்டர் இல்லைன்னு சொல்லுது."

எனக்கும் அந்த மொழி தெரியாது.

"பழசெல்லாம் எங்கடா?"

"படிச்சதை அழிச்சிடுவாங்களாம்."

மற்றவர்களுக்கும் அதையே சொன்னேன். நம்பினார்கள். கூடம் அமைதியாயிற்று. டோப்ரி தினமும் ஜன்னல் முன்னால் உட்கார்ந்தான். பிறகு சவரம் செய்வதை விட்டான். சூப்பைத் தள்ளிவைத்தான். நான்தான் பக்கத்தில் இருந்து ராக்கியா சாராயம் ஊற்றிக் கொடுத்தேன்.

"மறந்துட்டாளாடா?"

"எல்லாப் பிள்ளைங்களும் அப்படித்தான்டா."

ஒரு நாள் மேலங்கி இல்லாமல் பனியில் இறங்கிச் சுரங்கப் பக்கம் நடந்தான். கொதிகலன் அறையிலிருந்து பார்த்தேன். கூப்பிடவில்லை. அவனுக்குத்தான் காது கேட்காதே.

டோப்ரியின் அடக்கத்துக்கு வந்த மகள், அப்பா ஏன் பதில் போடவில்லை என்று கேட்டு அழுதாள். ரலிட்சா வந்து வயரைச் செருகினாள். டோப்ரியின் பெட்டியில் கடிதங்கள் வரிசையாக நின்றன. ஈஸ்டருக்கு வந்து அவனைக் கூட்டிப்போவதாக மகள் எழுதியிருந்தாள்.

"என்னோடதையும் திற," என்றேன்.

திறந்தாள்.

"எதுவும் இல்ல தாத்தா. ஒருநாளும் வந்ததே இல்ல."

வாசற்கதவில் டோப்ரியின் படம் போட்ட சாவு அறிவிப்பு ஒட்டியிருந்தது. அதைத் தாண்டி வெளியே நடந்தேன்.

வயரைப் பிடுங்கியது நான்தான் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண் சரியாகச் செருகவில்லை. நடுவில் இன்னும் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது.