மூடி வைத்த லேப்டாப்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் லேப்டாப் பையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“வேலை தாரேன்னவன் ஒரு ஜிப் ஃபைலு அனுப்புனான், மதினி. அவுக ப்ரோகிராம் ப்ராஜெக்ட இருக்கிற நிலையிலயே சுருட்டி வச்சதாம். தப்பு எங்கன்னு கண்டுபிடிக்கச் சொன்னான்.”

“பிரிச்சியா?”

“பிரிச்சேன்.”

“பிரிச்சு வாசிச்சா பரவால்ல. அந்த ப்ரோகிராம ஓட்டலையே?”

“ஓட்டுனாத்தான மதினி தப்பு தெரியும்? ஓட்டிட்டேன். அதுலருந்து அவன் ஆளையே காணோம்.”

மதினியின் குரல் இறங்கியது.

“எந்த லேப்டாப்புல ஓட்டுன?”

“நான் வேலை பாக்குற இ-சேவைக் கடை லேப்டாப்புல. ஊர்ச் சனத்தோட ஆதாரு, பட்டா எல்லாம் அதுலதான் கெடக்கு.”

“அடிப்பாவி! அது திருட்டு ப்ரோகிராமா இருந்தா எல்லாத்தையும் அவனுக்கு அனுப்பிரும். ஆஃப் பண்ணியா?”

“மூடித்தான் வச்சிருக்கேன். மூடுனா அணைஞ்சிரும்ல, மதினி?”

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு டீ குடிக்க இறங்கினார்.

அப்போதுதான் எங்கள் மூவருக்கும் கேட்டது. பைக்குள் லேப்டாப்பின் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.